தலைமை ஆசிரியரின் குறையை மனுவாக்குவதும் சங்கத்தின் வழியே கொண்டுசெல்வதும் எப்படி? ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளுக்கான ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியராகப் பதவி உயர்வு பெறும் இடைநிலை ஆசிரியர், ஆணையைக் கையில் வாங்கிய மறுநாளும் வகுப்பறையில்தான் நிற்கிறார். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியரே. எழுத்தர் இல்லை, அலுவலக உதவியாளர் இல்லை. காலை உணவின் தரத்தைப் பார்ப்பதும், கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகையைப் பதிவதும், மாற்றுச் சான்றிதழ் எழுதுவதும், சுற்றறிக்கைக்குப் பதில் அனுப்புவதும், மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குச் சொல்லித் தருவதும் ஒரே ஆளின் ஒரே நாள் வேலை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பதிவேடுகளை எப்படிப் பராமரிப்பது என்று சொல்லித்தரப் பயிற்சிகள் உண்டு. பள்ளியின் சிக்கலை எப்படி எழுத்தாக்கி, யாரிடம் கொடுத்து, ஆசிரியர் சங்கத்தின் துணையோடு எப்படித் தீர்வு வரை கொண்டுபோவது என்பதை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பணியில் இருந்த காலத்தில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றையே இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

முதலில் சட்டம் உங்களை எங்கே வைத்திருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை ஒருமுறையாவது முழுமையாகப் படித்துவிடுங்கள். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5 என்று அது வகுத்திருக்கிறது. 150 குழந்தைகளுக்கு மேல் இருந்தால் மட்டுமே ஐந்து ஆசிரியர்களுக்கு மேலாகத் தனியே ஒரு தலைமை ஆசிரியர் என்பது அதன் ஏற்பாடு. அதாவது, நம் கிராமங்களில் உள்ள சிறிய பள்ளிகளில் தலைமை ஆசிரியர் என்பவர் ஆசிரியர் எண்ணிக்கைக்குள் அடங்கியவர். நிர்வாகத்துக்கென்று ஒரு மணி நேரம்கூடச் சட்டம் அவருக்கு ஒதுக்கித் தரவில்லை. நம் சிக்கல்களில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒரே ஆசிரியரிடம் சேர்வதும், அந்த ஒருவரும் மருத்துவ விடுப்பில் இருந்தால் கூட்டமா பள்ளியா என்று தவிப்பதும் தலைமை ஆசிரியரின் திறமைக் குறைவால் நேர்வன அல்ல. பணியிட அமைப்பின் குறை அது. மனு எழுதும்போது இந்தத் தெளிவு உங்களுக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மன்னிப்புக் கேட்கும் குரலிலேயே எழுதத் தொடங்கிவிடுவீர்கள்.

அதே சட்டத்தின் மூன்று பிரிவுகளை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு 25(2), ஒரு பள்ளியில் பணியமர்த்தப்பட்ட ஆசிரியரை வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ பணியாற்றச் செய்யக் கூடாது என்கிறது. பிரிவு 27, பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், உள்ளாட்சி மற்றும் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் பணி ஆகியவை தவிர, கல்வி சாராத வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பிரிவு 24(3), ஆசிரியருக்குக் குறை இருந்தால் அது விதிக்கப்பட்ட முறையில் தீர்க்கப்பட வேண்டும் என்கிறது. குறை சொல்வது ஒழுங்கீனம் என்று எவரேனும் உங்களை அச்சுறுத்தினால், குறைதீர்ப்புக்குச் சட்டமே இடம் தந்திருப்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எந்தக் குறை எந்த அலுவலகத்துக்கு உரியது?

ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆனால் பள்ளிக் கட்டடம் இன்றும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பெரிதும் இடறுவது இந்த இடத்தில்தான். கூரை ஒழுகுகிறது என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் மட்டும் எழுதிக்கொண்டே இருப்பார்கள். அவரிடம் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் நிதி இல்லை. ஆசிரியர் நியமனம், விடுப்பு, ஊதியம், மாற்றுப்பணி (ஆசிரியரைத் தற்காலிகமாக வேறு பள்ளிக்கு அனுப்புவது), பணிப் பதிவேடு ஆகியவை வட்டாரக் கல்வி அலுவலரிடமும், அவருக்கு மேலே தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும் போக வேண்டியவை. கட்டடம், சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் ஆகியவை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் முகவரியிட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு நகலிட்டு எழுத வேண்டியவை. சத்துணவு அமைப்பாளர், சமையலர் பணியிடம் காலியாக இருந்தால் ஒன்றிய அலுவலகத்தின் சத்துணவுப் பிரிவு. காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். அதில் குறை இருந்தால் உள்ளாட்சி வழியே போக வேண்டும். பயிற்சி, மானியம், கற்பித்தல் பொருள்கள் என்றால் வட்டார வள மையம்.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், வகுப்பறைச் சன்னலுக்கு மேலிருந்த வெயில்மறைப்புத் தளத்தில் விரிசல் விழுந்து கம்பி தெரிந்தது. பொறுப்பானவரிடம் மூன்று முறை நேரில் சொன்னேன். மூன்று முறையும் பார்த்துக்கொள்ளலாம் என்றே பதில் வந்தது. நானும் சொல்லிவிட்ட நிம்மதியில் இருந்துவிட்டேன். அது பெரும் தவறு என்று பிறகுதான் உறைத்தது. அந்தத் தளம் விழுந்திருந்தால், நான் சொன்னேன் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்திருக்காது. அடுத்த வாரமே படம் எடுத்து, தேதியிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு எழுத்தில் கொடுத்தேன். வகுப்பை மறுபுறத்துக்கு மாற்றியதையும் அதே கடிதத்தில் பதிந்தேன். அந்தப் பருவம் முடிவதற்குள் இடித்துக் கட்டினார்கள்.

கட்டட விஷயத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அப்பள்ளியின் தலைமை ஆசிரியர் கைது செய்யப்பட்டார். அதன் பிறகே மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. பழுதான கட்டடம் குறித்த கடிதம் முதலில் குழந்தைகளின் உயிருக்கானது, அடுத்து உங்கள் பாதுகாப்புக்கானது. பருவமழை தொடங்குவதற்கு முன்பாக, ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், கட்டடத்தைச் சுற்றி வந்து பார்த்து, சுவர், கூரை, மின்கம்பி, கிணறு, தொட்டி மூடி ஆகியவற்றின் நிலையை எழுதி அனுப்பிவிடுங்கள். முன்பே அனுப்பினேனே என்று விட்டுவிடாமல், பழைய கடிதத்தின் நாளைக் குறிப்பிட்டு மீண்டும் அனுப்புங்கள். பதில் வரும்வரை ஆபத்தான அறையைப் பூட்டி வைப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

மனுவை எழுதும் முறை

ஒரு மனுவில் ஒரு குறையை மட்டும் எழுதுங்கள். பத்துக் குறைகளைப் பட்டியலிட்ட மனு எந்தப் பிரிவு எழுத்தருடைய மேசைக்கும் உரியதாகாமல் கோப்புக்குள் முடங்கிவிடும். பொருள் வரியைப் படித்தவுடனேயே கோரிக்கை விளங்க வேண்டும். உணர்ச்சிச் சொற்களை நீக்கிவிட்டு எண்ணிக்கையை எழுதுங்கள். “மிகவும் சிரமமாக உள்ளது” என்ற தொடரைவிட, “ஜூலை மாதத்தின் 23 வேலை நாள்களில் 14 நாள்கள் ஐந்து வகுப்புகளையும் ஒரே ஆசிரியர் கவனிக்க நேர்ந்தது” என்ற வரி அதிகம் பேசும். அந்த எண்ணிக்கை உங்களிடம் இருக்க வேண்டுமானால், கூட்டம், பயிற்சி, மாற்றுப்பணி, பிற பணி என்று ஆசிரியர் பள்ளியை விட்டு வெளியே சென்ற ஒவ்வொரு நாளையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியோடு குறித்து வர வேண்டும். எந்த ஆய்வாளரும் கேட்காத பதிவேடு இது. ஆனால் உங்களுக்கு இதைவிடப் பயன்படும் பதிவேடு வேறில்லை.

வடிவத்துக்காக ஒரு மாதிரியைத் தருகிறேன். எண்களையும் நாள்களையும் உங்கள் பள்ளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அனுப்புநர்: தலைமை ஆசிரியர், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, (ஊர்), (ஒன்றியம்).

பெறுநர்: வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள், (ஒன்றியம்).

பொருள்: தொடக்கக் கல்வி – (ஒன்றியம்) – ஊ.ஒ.தொ.பள்ளி, (ஊர்) – ஈராசிரியர் பள்ளி – இடைநிலை ஆசிரியர் மாற்றுப்பணியில் உள்ளமை – மாற்றுப்பணியை இரத்து செய்ய வேண்டுதல் – சார்பு.

பார்வை: 1. தங்கள் அலுவலகச் செயல்முறைகள், ந.க.எண் ……, நாள் ……. 2. இப்பள்ளியின் மேலாண்மைக் குழுத் தீர்மானம் எண் ……, நாள் …….

ஐயா / அம்மையீர், வணக்கம். இப்பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளில் 47 மாணவர்கள் பயில்கின்றனர். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் இரண்டு. பார்வை 1-இல் கண்ட செயல்முறைகளின்படி இடைநிலை ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றுப்பணியில் சென்றுள்ளதால், …… முதல் …… வரையிலான …… வேலை நாள்களில் ஐந்து வகுப்புகளையும் நான் ஒருவரே கவனித்து வருகிறேன். இக்காலத்தில் நான் கலந்துகொள்ள வேண்டியிருந்த …… கூட்ட நாள்களில் பள்ளியில் ஆசிரியர் எவரும் இல்லாத நிலை ஏற்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 25(2)-ஐயும், பார்வை 2-இல் கண்ட தீர்மானத்தையும் தங்கள் கனிவான கவனத்துக்குக் கொண்டுவந்து, மேற்படி மாற்றுப்பணியை இரத்து செய்து ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு, தலைமை ஆசிரியர். இணைப்பு: தீர்மான நகல், மாணவர் எண்ணிக்கை விவரம்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மாற்றுப்பணியில் சென்ற ஆசிரியரைப் பற்றியோ, அவரைக் கேட்டு வாங்கிய பள்ளியைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அவர்களும் நம்மைப்போலவே ஆள் பற்றாக்குறையில் இருப்பவர்கள். இரண்டாவது, கேட்பது என்ன என்பது ஒரே வினையில் முடிகிறது. “ஆவன செய்ய வேண்டுகிறேன்” என்று முடித்தால் எதைச் செய்வது என்று அலுவலகம்தான் முடிவு செய்யும்.

மனுவைக் கொடுத்தவுடன் நகலில் அலுவலக முத்திரையும் நாளும் பெற்றுக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தியை மனுவாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவசரத் தகவலுக்கு அது போதும், சான்றுக்குப் போதாது. உங்களுக்கு அக்குழுவில் வாய்மொழியாகவோ குரல் பதிவாகவோ உத்தரவு வந்தால், “இன்று பிற்பகல் தாங்கள் தெரிவித்தபடி” என்று தொடங்கி ஒரு கடிதம் அனுப்பி அதை எழுத்தில் உறுதி செய்துகொள்வது நல்ல பழக்கம்.

பதினைந்து நாள்களில் பதில் இல்லையென்றால் நினைவூட்டல் கடிதம் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை நடக்கும் ஆசிரியர் குறைதீர் நாளில் மனுவைப் பதியுங்கள். அதன் பிறகு, அதே அலுவலர் வழியாகவே, மாவட்டக் கல்வி அலுவலருக்கு மேல்மனு. அலுவலரைத் தாண்டிக் குதித்து மேலே எழுதுவது நடத்தை விதிகளின்படி உங்கள் மீதே திரும்பக்கூடும் என்பதால், முறையான வழியில் அனுப்பி, மேலிடத்துக்கு ஒரு முன்நகல் மட்டும் தனியே அனுப்பலாம். கோப்பு எங்கே நிற்கிறது என்று எவரும் சொல்லாவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தோடு, இந்த நாளிட்ட மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகல் வேண்டும் என்று கேட்டால் 30 நாள்களுக்குள் பதில் தரக் கடமைப்பட்டவர்கள். ஆயினும் இதைக் கடைசிக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் முகம் பார்த்துப் பழகும் அலுவலகம் அது.

பெற்றோர் பக்கத்தில் நிற்கட்டும்

ஒரு கோரிக்கையைத் தலைமை ஆசிரியர் மட்டும் எழுதினால் அது ஊழியரின் குறை; பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானித்தால் அது ஊரின் கோரிக்கை. சட்டத்தின் பிரிவு 21-படி குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாகவும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பல பள்ளிகளில் கூட்டம் நடக்காமலேயே பதிவேடு வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கி வருகிறது. வேலை நெருக்கடியில் இப்படிச் செய்யத் தோன்றுவது எனக்குப் புரிகிறது. ஆனால் நம் கையிலிருக்கும் பெரிய வலிமையை நாமே வீணாக்குவதாகும் அது. நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார்கள் வரக்கூடிய நேரத்தைக் கேட்டறிந்து, மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக வரும்போதே கூட்டத்தை வைத்தால் வருவார்கள். தீர்மானத்தைப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள்.

அந்தத் தீர்மானம் கிராம சபைக்குப் போகலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களின் கிராம சபைகளில் குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர் ஆகிய கோரிக்கைகளைப் பெற்றோரே எழுந்து சொன்னால் அது கிராம சபைத் தீர்மானமாகப் பதிவாகும். அரசு ஊழியரான நீங்கள் பேச முடியாத இடத்தில் அவர்கள் பேச முடியும். குழந்தையின் கல்வி உரிமை பாதிக்கப்படும்போது பிரிவு 32-இன்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரும் உரிமை பெற்றோருக்கு உண்டு. மூன்று மாதத்துக்குள் அதற்கு முடிவு சொல்ல வேண்டும். பெற்றோரைத் தூண்டிவிடுகிறார் என்ற பழி வராமலிருக்க, குழுவின் கூட்டத்தில் சட்டத்தை விளக்கியதோடு நின்றுகொள்ளுங்கள். மனுவை அவர்கள் எழுதட்டும்.

பணம், எண்ணிக்கை, பிற பணி

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம், 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயும், 31 முதல் 100 வரை உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாயும் என்று வகுக்கப்பட்டது. அதில் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். சுண்ணாம்பு, துடைப்பம், மின்கட்டண வேறுபாடு, பழுதான குழாய் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். 2024–25-இல் ஒன்றிய அரசு பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததைக் காரணம் காட்டித் தமிழ்நாட்டுக்கான 2,000 கோடி ரூபாய்க்கும் அதிகமான நிதியை விடுவிக்காமல் நிறுத்தியது; தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. அத்தகைய காலங்களில் தலைமை ஆசிரியர்கள் தங்கள் ஊதியத்திலிருந்து செலவு செய்கிறார்கள். பிள்ளைகளுக்காகச் செய்வது நல்ல மனம்தான். ஆனால் அந்தச் செலவைக் கணக்கில் காட்டாமல் விட்டால், அந்தப் பள்ளிக்கு மானியமே தேவையில்லை என்ற தோற்றம் ஏற்பட்டுவிடும். சொந்தப் பணம் என்றாலும் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, குழுக் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். சங்கம் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இத்தகைய நூறு பள்ளிகளின் கணக்கு கையில் இருந்தால் பேச்சின் தன்மையே மாறும்.

ஆகஸ்ட் 1 அன்றுள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. அந்த நாளுக்கு முன் எமிஸ் தளத்தில் உங்கள் பள்ளியின் ஒவ்வொரு மாணவரும் சேர்ந்திருக்கிறாரா, பிற பள்ளியிலிருந்து வந்த குழந்தை இன்னும் எந்தப் பள்ளியிலும் சேர்க்கப்படாதவர்களின் பொதுத் தொகுப்பில் நிற்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள். 61-க்குப் பதில் 60 என்று நின்றுவிட்டால் மூன்றாவது ஆசிரியரை உபரி என்று காட்டிப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு எழுதும் எந்த மனுவும் அந்த ஆண்டுக்கு உதவாது.

தேர்தல் பணிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படுகிறது. தேர்தல் ஆணையம் எதிர் டெல்லி செயின்ட் மேரிஸ் பள்ளி வழக்கில், வாக்காளர் பட்டியல் திருத்தம் போன்ற பணிகளுக்கு ஆசிரியர்களை விடுமுறை நாள்களிலும் கற்பித்தல் இல்லாத நேரங்களிலும் பயன்படுத்த வேண்டும், கற்பித்தல் நாள்களில் வழக்கமாகப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் சொன்னது. எனவே வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணியை மறுக்க முடியாவிட்டாலும், பள்ளி நேரத்தில் அதைச் செய்யச் சொல்வதை எதிர்த்து இத்தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுதலாம். ஈராசிரியர் பள்ளியில் இருவரையும் ஒரே நேரத்தில் அப்பணிக்கு அமர்த்தியிருந்தால், ஒருவரையாவது விடுவிக்குமாறு வட்டாட்சியருக்கு வட்டாரக் கல்வி அலுவலர் வழியே எழுதுங்கள்.

சங்கத்திடம் எப்போது, எப்படிச் செல்வது?

தமிழ்நாட்டில் தலைமை ஆசிரியர்களும் இடைநிலை ஆசிரியர்களும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் சங்கங்களில்தான் உறுப்பினர்கள். தமிழ்நாடு ஆசிரியர் கூட்டணி, தமிழ்நாடு ஆரம்பப்பள்ளி ஆசிரியர் கூட்டணி, தமிழ்நாடு தொடக்கப்பள்ளி ஆசிரியர் கூட்டணி, தமிழ்நாடு தொடக்கப்பள்ளி ஆசிரியர் மன்றம் என்று அமைப்புகள் பல இருந்தாலும், பொதுக் கோரிக்கைகளில் அவை டிட்டோஜாக் என்ற கூட்டு நடவடிக்கைக் குழுவாக இணைகின்றன. எதில் சேர்வது என்பது உங்கள் விருப்பம். உங்கள் வட்டாரத்தில் எந்த அமைப்பின் செயலாளர் அரசாணைகளைப் படித்து வைத்திருக்கிறாரோ, மாதம் ஒருமுறையேனும் செயற்குழுவைக் கூட்டுகிறாரோ, அதில் சேருங்கள் என்பதே என் பரிந்துரை.

தனிப்பட்ட குறை, பள்ளியின் குறை, பதவி முழுமைக்குமான குறை ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஊதிய நிலுவை வரவில்லை என்றால் வட்டாரச் செயலாளர் அலுவலகத்தில் பேசினாலே முடியும். பள்ளிக்கு ஆசிரியர் இல்லை என்பதும் வட்டார, மாவட்ட அளவில் தீரக்கூடியதே. ஆனால் சில குறைகளை எந்த வட்டாரக் கல்வி அலுவலராலும் தீர்க்க முடியாது. 2023 டிசம்பர் 21 நாளிட்ட அரசாணை 243, அதுவரை ஒன்றிய அளவில் இருந்த தொடக்கக் கல்வி ஆசிரியர்களின் பணிமூப்பை மாநில அளவுக்கு மாற்றியது. சொந்த ஒன்றியத்தில் தலைமை ஆசிரியராகலாம் என்று காத்திருந்தவர்களில், குறிப்பாகக் குடும்பப் பொறுப்புள்ள பெண் ஆசிரியர்களில், பலர் தொலை மாவட்டத்தில் பதவி உயர்வை ஏற்பதா, இழப்பதா என்று கலங்கினார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் உள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றும், ஐந்தாண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சி இல்லாமல் பதவி உயர்வு பெற முடியாது என்றும் தீர்ப்பளித்தது. இவை மாநிலக் கூட்டமைப்பும் வழக்கறிஞர்களும் அரசும் பேச வேண்டியவை. இவற்றில் உங்கள் பங்கு, உங்கள் நியமன நாள், பணிமூப்பு எண், தகுதித் தேர்வு நிலை ஆகியவற்றைச் சங்கம் கேட்கும்போது பிழையின்றித் தருவதும், அதுவரை தேர்வுக்குப் படிப்பதை நிறுத்தாமல் இருப்பதும் ஆகும். வழக்கு வெல்லும் என்று நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

சங்கப் பொறுப்பாளரிடம் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். முத்திரையிட்ட மனு நகல், நினைவூட்டல் நகல், தீர்மானம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இவை இருந்தால் அவர் அலுவலரிடம் கேட்கும் கேள்வி, “இந்த மனு மீது என்ன நடவடிக்கை?” என்று அமையும். இல்லாவிட்டால் வேண்டியவருக்குச் சலுகை கேட்டு வந்தவராக அவர் தோன்றுவார். சந்திப்பில் அலுவலர் ஒப்புக்கொண்டதை அன்று மாலையே கடிதமாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வாக்குறுதி வேறு, ஆணை வேறு. 2023 அக்டோபர் 12 அன்று டிட்டோஜாக்குடன் நடந்த பேச்சில் 12 கோரிக்கைகள் ஏற்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது; அவற்றுக்கு ஆணை வராததால் அதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்த்துக்கொண்டு, 243 அரசாணையை எதிர்த்து, 2024 ஜூலை இறுதியில் மூன்று நாள் சென்னையில் போராட வேண்டியிருந்தது.

வேலைநிறுத்தம் என்று வரும்போது தலைமை ஆசிரியர் கூடுதல் கவனத்தோடு முடிவெடுக்க வேண்டும். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டதும், அதைத் தொடர்ந்த வழக்கில் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியதும் அந்தத் தலைமுறைக்கு மறக்க முடியாதவை. கலந்துகொள்வது உங்கள் மனச்சான்று. கலந்துகொண்டால் அன்றைய ஊதியம் இல்லை என்பதையும், விளக்கம் கோரும் குறிப்பாணை வரலாம் என்பதையும் அறிந்தே செல்லுங்கள். எப்படியானாலும் முந்தின நாள் மாலையே பள்ளிச் சாவியையும் வருகைப் பதிவேட்டையும் பணிக்கு வருபவரிடம் கையெழுத்துப் பெற்று ஒப்படைத்துவிடுங்கள். காலை உணவும் மதிய உணவும் ஒரு நாளும் நிற்கக் கூடாது. அந்த உணவை நம்பி வீட்டில் அடுப்பு மூட்டாத தாய்மார்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால்

தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் 17(அ) சிறு தண்டனைகளுக்கும், 17(ஆ) விசாரணையுடன் கூடிய பெருந்தண்டனைகளுக்கும் உரியவை. 17(ஆ) நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் சேர்வதிலேயே தடை வரும். குறிப்பாணையைப் பெற்ற அன்றே பதற்றத்தில் பதில் எழுத வேண்டாம். குறிப்பிடப்பட்ட ஆவணங்களின் நகல்களைக் கேட்டு வாங்கி, கால அவகாசம் தேவையானால் எழுத்தில் கோரி, சங்கத்தின் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிய பிறகு, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே ஆதாரத்தோடு பதில் கொடுங்கள். முன்பு சொன்ன நாற்பது பக்க நோட்டும், முத்திரையிட்ட நகல்களும் உங்களைக் காப்பாற்றும் இடம் இதுவே.

இன்னொரு சங்கடமான நிலையையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பள்ளி ஆசிரியர் உங்கள் மீதே சங்கத்தில் புகார் செய்யலாம். அவரும் அதே அமைப்பின் உறுப்பினர். தாமதமாக வருவதைக் கண்டித்ததற்காகவோ, விடுப்பை மறுத்ததற்காகவோ அது எழலாம். சங்கம் இரண்டு பக்கமும் கேட்டுச் சமாதானம் பேச வேண்டுமேயொழிய, எண்ணிக்கையில் அதிகமுள்ள இடைநிலை ஆசிரியர் பக்கம் சாய்வதோ, பதவியில் மூத்தவர் பக்கம் சாய்வதோ முறையாகாது. நீங்களும் முதலில் தனியே அமர்ந்து பேசிப் பாருங்கள். இரண்டே பேர் பணியாற்றும் பள்ளியில் அந்த இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் அதன் முழுச் சுமையும் குழந்தைகள் மீது விழும். நான் பார்த்த இத்தகைய வழக்குகளில் பலவற்றுக்கு அடியில், ஆள் பற்றாக்குறையால் இருவருமே களைத்துப்போயிருந்த உண்மைதான் கிடந்தது.

மாறுதலிலோ ஓய்விலோ நீங்கள் பள்ளியை விட்டுப் போகும் நாளில், பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் மேசை, நாற்காலி, சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றோடு ஒரு கோப்பையும் சேர்த்து எழுதுங்கள்: “நிலுவையிலுள்ள மனுக்கள்.” எந்த நாளில் யாருக்கு எழுதியது, எந்தப் பதில் வந்தது, அடுத்த நினைவூட்டல் எப்போது அனுப்ப வேண்டும் என்று முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்து வருபவர் முதல் கடிதத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.